அடுக்குமாடி வீடும் நம்மவர் பாடும்

எஸ்டேட் லயத்தில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். சிங்கப்பூர்ப் பட்டணத்திலும் ஒரு காலத்தில் அதே கதிதான். கடைவீடுகளின் மாடியைப் பலகையால் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பமாகக் குடியிருந்தார்கள். நகரத்தைச் சுற்றி அத்தாப்புக் குடிசைகள். 1947-ல் சுமார் 9 லட்சத்து 40 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை, 1957-ல் 14 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வெள்ளையர் ஏற்படுத்திய சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 32 ஆண்டுகளில் கட்டியதோ ஏறத்தாழ 23,000 வீடுகள். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். மறு ஆண்டு மே 25-ல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீக்கிரையாகி, சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். கழகம் அசரவில்லை. முதல் ஐந்தாண்டுகளில் 50,000 வீடுகளுக்கு மேல் கட்டி எழுப்பியது. எல்லாம் சின்னஞ்சிறு வீடுகள். அழகு பார்க்க நேரமேது? 1968 முதல் சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்கலாம் என்றானது. மாதச் சம்பளக்காரனுக்கு அதைவிடப் பெரிய வரம் வேறில்லை.

ஆனால், நம்மவர் கவனிக்க வேண்டிய சங்கதி 1989-ல் வந்தது. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடாதபடி, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் இன்ன இனத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் தருவதும், நாம் தீபாவளிக்கு முறுக்கு தருவதும் சும்மா வந்த உறவல்ல.

சிக்கல் விற்கும்போதுதான். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் இருக்கும் இந்தியர், தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் நாலில் மூன்று பேர் சீனராயிற்றே! வாங்க வருபவர் குறைந்தால் விலையும் இறங்கும். ஒற்றுமை எல்லோருக்கும் பொது. அதற்கான நஷ்டம் மட்டும் சிறுபான்மைக் குடும்பத்தின் தலையில் விழலாமா? 2022-ல்தான் ஒரு வழி பிறந்தது: பத்தாண்டுகளாவது வீட்டை வைத்திருந்து, விற்க முயன்றும் முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ள முன்வந்தது. இதை முப்பது வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

பழைய வீடு வாங்கப் போகிற தம்பதியர் சமையலறை அகலத்தையும் சாமி மாடத்துக்கு இடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் புளோக்கின் இன விகிதாச்சார நிலவரத்தையும் பாருங்கள். கழகத்தின் இணையத்தளத்தில் மாதாமாதம் முதல் தேதி புதுப்பிக்கிறார்கள்.