வாசகன் படைத்த இனம்

என் பழைய மாணவர் ஒருவர், 2023-இல் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் கணினி விளையாட்டைப் பற்றி அண்மையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அதில் வரும் கித்யாங்கி என்ற போர்க்குடியைச் சொல்லி, அந்த நிறுவனத்தாரின் கற்பனையை வியந்தார். அது நிறுவனத்தின் கற்பனை அன்று. 1979-இல் ஓர் இதழின் வாசகர் பக்கத்தில் 14 வயது ஆங்கிலேயச் சிறுவன் எழுதியது என்றேன். அவர் நம்பவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கூட்டாகக் கதை வளர்க்கும் விளையாட்டு. முதல் அச்சில் 1000 படிகள். பெட்டிக்கு மூன்று சிறு நூல்கள். அந்நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் ஒழுங்காக ஆடியிருக்க முடியாது. சண்டைக்கு வேறொரு விளையாட்டின் விதிநூலைப் பார்க்கச் சொன்னார்கள். இந்தக் குறைபாடே இதழ்களைப் பிறப்பித்தது என்பது என் எண்ணம். விடுபட்டதை வாசகர்கள் தாமே எழுதி நிரப்பினார்கள்.

1975-இல் கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம் ‘தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ’வைத் தொடங்கியது. ஏழே இதழ்கள். 1976 ஜூனில் அதன் இடத்தை ‘தி டிராகன்’ எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் ஐயன் லிவிங்ஸ்டன் 1977-இல் ‘வைட் டுவார்ஃப்’ தொடங்கினார். இவற்றைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் அட்டை ஓவியங்களைச் சொல்லி உருகுகிறார்கள். என் மதிப்பில் இவை அனைத்தையும் விட முதன்மையானது, கடைகளில் அதிகம் காணக் கிடைக்காத ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1975 ஜூனில் அதைத் தொடங்கியவர் லீ கோல்டு என்ற பெண்மணி. அதற்கு வழக்கமான பொருளில் ஆசிரியர் குழு இல்லை. பங்களிப்பவர் தம் பக்கங்களைத் தாமே தட்டச்சு செய்து அனுப்புவார். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து அனைவருக்கும் அனுப்புவார்கள். சென்ற இதழில் இன்னார் எழுதியதற்கு இந்த இதழில் மறுமொழி. நம் சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: படிகள் சில, சண்டைகள் பல. ஒரு வேறுபாடு, நம் சிற்றிதழ்களுக்கு வாய்க்காத ஆயுள். 2025 வரை அவ்விதழ் வந்தது.

அதன் 2-ஆம் இதழில் கைகாக்ஸே கடிதம் எழுதினார். எல்லாரும் ஒரே மாதிரி ஆட ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த விளையாட்டு சலித்துப் போகும் என்பது அக்கடிதத்தின் சாரம். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1978-இல், டிராகனின் 16-ஆம் இதழில் அவரே இத்தகைய தொகுப்பிதழ்களைக் கடுமையாகச் சாடினார். இடையில் விளையாட்டு பெருவணிகமாகிக் கொண்டிருந்தது. அவரை வில்லனாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரு படைப்பாளி உரிமையாளராக மாறுவது கண்ணெதிரே தெரியும்.

பழையவை எல்லாம் பொன் என்று சொல்லவரவில்லை. டிராகனின் 3-ஆம் இதழில் (1976) பெண் பாத்திரங்களுக்கென்று வெளியான விதிகள், அவர்களுக்கு ‘அழகு’ என்று தனி மதிப்பெண் போட்டன. ஒரு பெண் நடத்திய இதழில் அறிவார்ந்த வாதங்கள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் இது. படிக்கக் கூச்சமாகவே இருக்கிறது. உரைநடையும் பல இடங்களில் பள்ளிக் கட்டுரைத் தரந்தான்.

பள்ளிப் பிள்ளைகளும் எழுதினார்கள் என்பதே அதன் சிறப்பும். அந்தச் சிறுவனின் பெயர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ்; பிற்காலத்தில் அறிபுனை நாவலாசிரியரானார். ‘கித்யாங்கி’ என்ற சொல்லை அவர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 1977-ஆம் ஆண்டு நாவல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். அவ்வினம் எவருக்கு அடிமையாக இருந்து தப்பியதோ, அந்த மூளையுண்ணும் அரக்கர்களை ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூவின் முதல் இதழிலிருந்து பெற்றார். அமெரிக்க இதழ் ஒன்றில் வந்ததன் மேல் ஆங்கிலேயச் சிறுவன் ஒரு வரலாற்றைக் கட்டினான், எவரும் தடுக்கவில்லை. 1981-இல் ‘ஃபீன்ட் ஃபோலியோ’ என்ற அதிகாரபூர்வத் தொகுப்பில் அது சேர்ந்தது, அட்டைப்படமும் அதுவே.

வைட் டுவார்ஃப் 1980-களின் முடிவுக்குள், தன்னை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சரக்குகளை மட்டும் பேசும் இதழாகிவிட்டது. டிராகனின் அச்சு வடிவம் 2007-இல் நின்றது. 2000-ஆம் ஆண்டு, டிஎஸ்ஆரை வாங்கியிருந்த நிறுவனம், விளையாட்டின் அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமத்தில் தந்தது. தாராளமான செயல்தான். கூடவே, பிறர் தொடக்கூடாதவை என்று தனக்கே ஒதுக்கிக்கொண்ட பெயர்களின் பட்டியல் ஒன்றும் இருந்தது. அந்தப் பட்டியலில் கித்யாங்கியும் இருக்கிறது.