வயிற்றில் சுமந்த காலமும் வீட்டில் வளரும் காலமும்



தீவகத்தின் கிராமங்களில் தாய்மார் குழுக்களைச் சந்திக்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "தங்கச்சி, இவன் வயித்தில இருக்கேக்கை நான் ஓடின ஓட்டமும் அழுத அழுகையும்தானே இவனுக்குப் படிப்பு ஏறாததுக்குக் காரணம்?" வேலணைப் பக்கத்தில் இதைக் கேட்ட தாய், 2009 இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தவர். அருகில் இருந்த மாமியார், "அழுதழுதே பிள்ளையை இப்பிடி ஆக்கிப்போட்டாள்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். இப்படித் தலை குனிந்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுக்காகவும், அவர்களைச் சுற்றி வாழும் குடும்பத்தவர்களுக்காகவும் இம்மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

கருவில் இருக்கும் சிசு வெளியுலகை உணரும் என்பது எமக்குப் புதிய செய்தி அல்ல. சக்கரவியூகத்தைப் பற்றி அபிமன்யு தாயின் வயிற்றிலிருந்தே கேட்டான் என்கிறது பாரதக் கதை. மரியாளின் வாழ்த்தொலி கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியதாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. கருவுற்று ஏறத்தாழ ஆறு மாதத்தில் சிசுவின் செவி ஒலிக்கு இசையத் தொடங்குகிறது என்று விஞ்ஞானமும் சொல்கிறது. பிறந்து மூன்று நாளும் ஆகாத குழந்தைகள், வேறு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1980 இல் நிரூபித்தார்கள். தாயின் உணவு, நோய், உழைப்பு, அச்சம் எல்லாம் ஏதோ ஓரளவில் சிசுவைச் சென்றடைகின்றன. அப்படியானால் அந்த மாமியார் சொன்னது சரிதானா?

இதற்கு விடை தேட நாம் ஒல்லாந்துக்குப் போக வேண்டும். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிச் சென்றவர்கள் ஒல்லாந்தர். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இன் பிற்பகுதியில், ஜேர்மன் படைகள் அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தன. உண்மையான டெல்ஃப்டும் லைடனும் அம்ஸ்ரடாமும் அந்தப் பகுதியிலேயே உள்ளன. சனங்கள் பூச்செடிக் கிழங்கை அவித்துத் தின்றார்கள். இருபதினாயிரம் பேரளவில் இறந்தார்கள். 1945 மே மாதம் போர் முடிந்த பின்னரே பட்டினி முற்றாக நீங்கியது. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தப் பட்டினிக் காலத்தில் கருவில் இருந்தவர்களை ஆய்வாளர்கள் முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால் குழந்தை நிறை குறைந்து பிறந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் சாதாரண நிறையுடன் பிறந்தாலும், நடுத்தர வயதில் அவர்களிடையே இருதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே கருவில் பட்ட பசி உடலில் தன் அடையாளத்தை விட்டுச் செல்வது உண்மை.

ஆனால் இன்னொரு முடிவும் உண்டு. பட்டினிக் காலத்தில் பிறந்தவர்கள் உட்பட இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களின் பரீட்சைப் பெறுபேறுகளை, இராணுவ ஆட்சேர்ப்புக்காக அவர்கள் பத்தொன்பது வயதளவில் எழுதியவற்றை, ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 1972 இல் வெளியிட்டார்கள். கருவில் பசி கண்டவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. போர் முடிந்ததும் அந்தக் குழந்தைகளுக்கு உணவும், வீடும், பாடசாலையும் கிடைத்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அழுகைக்கும் அச்சத்துக்கும் இதே போன்ற விளக்கம் உண்டு. பயத்தின்போது தாயின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன் கூடுகிறது. அதன் பெரும்பகுதியைச் சூல்வித்தகம் செயலிழக்கச் செய்து சிசுவைக் காக்கிறது. ஒரு நாள் அழுததால், ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்ததால் பிள்ளை பழுதாகிவிடாது. மாதக் கணக்கில் நீளும் அச்சமும், அடி உதையும், போதிய உணவின்மையும் சேரும்போதே குறைமாதப் பிரசவம், நிறைக்குறைவு போன்ற ஆபத்துகள் கூடுகின்றன. அந்த நிலைமைகளை எந்தத் தாயும் விரும்பித் தேடிக்கொள்வதில்லை. செல் விழுந்ததற்குத் தாய் எப்படிப் பொறுப்பாவாள்?

பிறப்புக்கு முந்திய பாதிப்பு பின்னர் என்னவாகிறது என்பதை ஒரு தீவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு உண்டு. அங்கு 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வேர்ணர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, தகப்பனின் குடி, பிரசவச் சிக்கல் எனப் பல துன்பங்கள் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, தன்னம்பிக்கையுடன் வளர்ந்தார்கள். கர்ப்ப காலத்திலும் பிறப்பின்போதும் பட்ட பாதிப்பு, வீட்டுச்சூழல் நன்றாக இருந்த இடத்தில் பெரும்பாலும் மங்கிப் போனது. வீடு சீர்கெட்ட இடத்திலேயே அது பெரிதாக வெளிப்பட்டது. தப்பி வளர்ந்த பிள்ளைகளுக்கு, மாறாத அன்புடன் கூடவே நின்ற ஒருவராவது இருந்தார். அது தாயாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பல வீடுகளில் அது பாட்டியாக இருந்தது.

என் வாழ்க்கையும் இதற்கு ஓர் உதாரணம். 1990 ஆவணியில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது என் அம்மா என்னை ஏழு மாதமாகச் சுமந்தபடி யாழ்ப்பாண நகர்ப்பக்கம் இடம்பெயர்ந்தார். நான் நிறை குறைந்து பிறந்தேன். அகதி முகாமில் அம்மா வேலைக்குப் போன நேரமெல்லாம் அப்பம்மாவின் மடிதான் எனக்கு வீடு. அவர் ஓலை பின்னும்போதும் கீரை ஆயும்போதும் என்னோடு கதைத்துக்கொண்டே இருப்பாராம். எழுத வாசிக்கத் தெரியாத அந்த மனுசி செய்ததைத்தான் பின்னர் பல்கலைக்கழகத்தில் நான் பெரிய பெயர்களில் படித்தேன்.

சகோதரிகளே, எமது வழக்கில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி, சுடுதண்ணீர் வார்ப்பு, முப்பத்தொரு நாள் ஓய்வு எல்லாம் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் அதற்கு முந்திய ஒன்பது மாதமும் அவள் குடம் சுமக்கிறாள். கருத்தரித்த நாள் முதல் பிள்ளையின் இரண்டாவது பிறந்த நாள் வரையான ஆயிரம் நாட்களும் மூளை மிக வேகமாக வளரும் காலம். அது தாய் ஒருத்தியின் பொறுப்பல்ல, முழு வீட்டினதும் பொறுப்பு. வீட்டில் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

கர்ப்பம் என்று சந்தேகம் வந்தவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். பிள்ளை வேண்டும் என்று எண்ணும்போதே ஃபோலிக் அமிலக் குளிசையைக் கேட்டு வாங்குங்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. முருங்கையிலை, பயறு, முட்டை, சின்ன மீன் எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும். எல்லோரும் சாப்பிட்ட மிச்சத்தைப் பிள்ளைத்தாச்சி சாப்பிடும் வழக்கத்தை மாமியார்மார்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் தீவுகளில் கிணற்றுநீர் பல இடங்களில் உவர். நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குடத்தைக் கணவனோ, தம்பியோ, அயலில் உள்ளவர்களோ எடுத்துக் கொடுக்கட்டும். கணவனை இழந்த, கணவன் காணாமற்போன வீடுகளில் மாதர் சங்கம் முறை வைத்து உதவலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுத் தாய்மார் கடல் கடக்க வேண்டியவர்கள். காற்றுக் கடலை நம்பிக் கடைசி நாள்வரை இருக்காமல், எப்போது அக்கரை போய்த் தங்குவது என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிள்ளை பிறந்த பின் அதன் முகத்தைப் பார்த்துக் கதையுங்கள். அது "ங்கா" என்றால் நீங்களும் பதில் சொல்லுங்கள். தாலாட்டுங்கள். கைத்தொலைபேசியைக் கையில் கொடுத்து அழுகையை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுக்கு முன் பிள்ளையைத் திரைக்கு முன் இருத்துவதை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிரசவத்தின் பின் காரணமில்லாத அழுகை, நித்திரையின்மை, பிள்ளையில் பிடிப்பின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அது கொழுப்புமல்ல, பேயுமல்ல. அது மாற்றக்கூடிய நோய். கிளினிக்கில் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். வீட்டில் அடி விழுந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் உண்டு. கர்ப்பிணியை அடிப்பவன் இரண்டு உயிரை அடிக்கிறான்.

வேலணைத் தாயின் கேள்விக்கு வருவோம். அவர் மகனுக்குப் படிப்பில் பின்னடைவு ஏற்படப் பல காரணங்கள் இருக்கலாம். பார்வை, கேட்டல், தவறிய பாடசாலை ஆண்டுகள், முகாம் வாழ்க்கை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முதற்படியாகக் கண்ணையும் காதையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மாமியாரிடம் நான் ஒன்று மட்டும் கேட்டேன். "அம்மா, அவ்வளவு செல்லுக்குள்ளேயும் உங்கட பேரனை உயிரோட சுமந்து கொண்டுவந்தது யார்?" அவர் மறுமொழி சொல்லவில்லை. மருமகளின் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம், பேச்சுத் தாமதமாகும் பிள்ளைகள் பற்றிப் பார்ப்போம்.