"நான் நடக்காத நடையா?" - டாக்டர் சொன்ன வாக்கிங்கும், அம்மா ஓட்டிய சைக்கிளும்

"தினமும் முக்கால் மணி நேரம் நடங்கம்மா. லேசா வேர்க்குற மாதிரி நடக்கணும்."

சுகர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னபோது அம்மா தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டார். "ஏன்டி, நான் நடக்காத நடையா? இதுக்கு மேல எங்க போயி நடக்கச் சொல்றாரு?"

என்னிடம் பதில் இல்லை.

அம்மாவுக்கு 53 வயது. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கும் திருவரங்குளம்தான் எங்கள் ஊர். விடிவதற்கு முன்பே எழுந்து, தண்ணீர் பிடித்து, மாட்டைப் பார்த்து, சோறாக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். நூறு நாள் வேலை இருந்தால் அது. முந்திரி சீசன் என்றால் கொட்டை பொறுக்கப் போவார். சாயங்காலம் திரும்பினால் மறுபடியும் அடுப்பு. இந்த உடம்பைப் பார்த்து, 'உடற்பயிற்சி போதவில்லை' என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்?

எனக்கு 28 வயது. சென்னையில் வேலை. ஆறு மாதத்துக்கு முன்புதான் வாழ்க்கையில் முதன்முறையாக ஷட்டில் பேட்டைக் கையில் பிடித்தேன். பள்ளியில் பி.டி பீரியடைப் பெரும்பாலும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். மிச்சமிருந்த நாள்களில் பசங்க கிரிக்கெட் ஆடுவார்கள், நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். இப்போது அலுவலகத் தோழிகளோடு சேர்ந்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிறேன். ஆரம்பத்தில் பந்து பேட்டில் படவே இல்லை. இப்போது படுகிறது. அந்தச் சந்தோஷத்தை என்னால் விளக்கிச் சொல்ல முடியாது.

அங்கே தரையைத் துடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் காலை கோர்ட் காலியாக இருந்தது. "அக்கா, ஒரு ஷாட் அடிங்களேன்" என்று பேட்டை நீட்டினேன். இரண்டு முறை அடித்தார். மூன்றாவது முறை பந்து மேலே போனபோது வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த நொடியே சூப்பர்வைசர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பேட்டை என் கையில் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் கேள்வியையும் அந்த அக்காவின் சிரிப்பையும் சேர்த்து யோசிக்கும்போதுதான் தோன்றியது. 'எந்த வயதிலும் விளையாட ஆரம்பிக்கலாம், மனசு இருந்தால் போதும்' என்று நாம் சொல்கிறோமே, மனசு மட்டும் போதுமா?

உழைப்பு வேற, உடற்பயிற்சி வேற!

முதலில் அம்மாவின் சந்தேகத்துக்கு வருவோம். நாள் முழுக்க உடம்பு வளைந்து வேலை செய்பவருக்குத் தனியாக எதற்கு உடற்பயிற்சி?

இதே கேள்வியை டென்மார்க்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த அந்த ஆய்வு, 2021-ல் ஐரோப்பிய இதயநோய் இதழில் வெளியானது. ஓய்வு நேரத்தில் ஓடுபவர்கள், விளையாடுபவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறைவாக இருந்தது. ஆனால், பிழைப்புக்காகக் கடுமையான உடலுழைப்பு செய்பவர்களுக்கு அதே ஆபத்து அதிகமாக இருந்தது. உழைப்பில் நாமாக ஓய்வெடுக்க முடியாது, ஒரே தசைக்கு மணிக்கணக்கில் சுமை, போதிய தூக்கமில்லை என்று இதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன.

அதாவது, அம்மா குனிந்து கொட்டை பொறுக்குவதும், நான் கோர்ட்டில் குதிப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. அவருக்கு இடுப்பு வலி மிஞ்சுகிறது. எனக்கு நல்ல தூக்கம் வருகிறது. டாக்டர் சொன்னது தப்பில்லை. ஆனால், அந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வரும் என்று சீட்டில் எழுதித்தர அவரால் முடியாது.

அந்த 289 நிமிடங்கள்

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடல் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ம் ஆண்டு நிலவரத்தை வைத்து லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த அளவு இயக்கம்கூட இல்லை. ஆண்களில் 42 சதவிகிதம், பெண்களில் 57 சதவிகிதம். இந்தக் கணக்கில் வேலை நேரத்து உடலுழைப்பும் அடக்கம்.

'பெண்களுக்குச் சோம்பேறித்தனம்' என்று யாராவது முடிவு கட்டுவதற்கு முன், இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள். நடுவில் இருக்கும் 201 நிமிடங்களில் ஒரு வாக்கிங்கும் ஒரு வாலிபால் மேட்சும் முடிந்து, டீ குடிக்கவும் நேரம் மிஞ்சும்.

நேரம் கிடைத்தாலும் அடுத்த சிக்கல் இருக்கிறது. தெரு.

"நம்ம ரோட்டுல நான் கைய வீசிட்டு நடந்தா, வேலவெட்டி இல்லாம சுத்துறாம்பாங்கடி. கையில ஒரு கூடையாச்சும் இருக்கணும்" என்கிறார் அம்மா. சுமையோடு நடந்தால் உழைப்பு, சும்மா நடந்தால் ஊர்சுற்றல். ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. கபடி என்றால் ராத்திரி முழுக்க லைட் போட்டு ஆடுவார்கள். அங்கெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இடம் உண்டு, வேடிக்கை பார்க்கிற இடத்தில்.

எல்லோருக்கும் தெரு ஒரே தெருவாக இருப்பதும் இல்லை. ஊர்த்தெரு வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தோடு வளர்ந்த தலித் பெரியவர்கள் தமிழ்நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் விவகாரத்தை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார். அதுவும் இதே புதுக்கோட்டை மாவட்டம்தான். டீ கிளாஸையே பிரித்துவைக்கும் இடத்தில் மைதானம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்துவிடுமா?

"எனக்குன்னு கை தட்டுனாங்கடி!"

இப்படியே பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா திடீரென்று சொன்னார். "நானும் ஒரு காலத்துல போட்டியில கலந்துக்கிட்டவதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா சைக்கிள் ஓட்டுவார் என்று தெரியும். போட்டியா?

"அறிவொளியில கத்துக்கிட்டோம். எனக்கு அப்ப இருவது வயசு. குரங்குப் பெடல் போட்டு, கீழ விழுந்து, முட்டியெல்லாம் தேஞ்சு... அப்புறம் போட்டி வெச்சாங்க. பாதி தூரத்துல செயின் கழண்டு விழுந்துட்டேன். பரிசு கெடைக்கல. ஆனா, எந்திரிச்சு மறுபடியும் ஓட்டுனேன் பாரு, அம்புட்டு பேரும் கை தட்டுனாங்க. எனக்குன்னு கை தட்டுனது அன்னைக்கு மட்டுந்தான்டி."

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் யோசனை அது. கிராமம் கிராமமாகப் போக வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ்ஸையும் ஆண்களையும் நம்பி நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். அது தொண்டர்களோடு நிற்கவில்லை. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பொது இடத்தில் நடந்த சைக்கிள் போட்டிகளில் மட்டும் 70,000-க்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்டதாக எழுதியிருக்கிறார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பின்னாளில் சாய்நாத்தின் அந்தக் கட்டுரை என்.சி.இ.ஆர்.டி-யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பிடித்தது. வட இந்தியப் பிள்ளைகள் பாடமாகப் படித்த கதையை, என் அம்மாவிடம் நான் 28 வயதில்தான் கேட்கிறேன்.

கிண்டல் இல்லாமல் இல்லை. ஆபாசமாகப் பேசிய ஆண்களும் இருந்தார்கள். ஆனால், ஒரு பெண் சைக்கிளில் போனால் கிண்டல் அடிக்கலாம். நூறு பெண்கள் மணியடித்துக்கொண்டு போனால் ஒதுங்கி வழிவிடத்தான் வேண்டும்.

அந்தப் பெண்கள் யாரும் சின்ன வயதில் மைதானத்துக்குப் போனவர்கள் இல்லை. வளர்ந்த பிறகு, கல்யாணம் ஆன பிறகு, பிள்ளை பெற்ற பிறகு முதன்முறையாகக் கற்றுக்கொண்டவர்கள். அமெரிக்காவில் பெண்ணுரிமைப் போராளி ஃபிரான்சஸ் வில்லார்டும் 53 வயதில் சைக்கிள் கற்று, 1895-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவர் நாடறிந்த தலைவர். நம் மாவட்டத்தில் அதையே கல் உடைத்த பெண்கள் கூட்டமாகச் செய்தார்கள். அவர்களிடம் 'மனசு இருந்தா போதும்' என்று சொல்லிவிட்டு யாரும் விலகிக்கொள்ளவில்லை. கற்றுத்தர ஆள், ஓட்டிப்பார்க்க இடம், வாங்குவதற்கு வங்கிக் கடன், பாடுவதற்குப் பாட்டு, கை தட்டக் கூட்டம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார்கள்.

மெடல் வாங்காதவங்க விளையாடக் கூடாதா?

இன்றைக்கு அரசு விளையாட்டுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் பேட், பந்து கொடுப்பதற்கான திட்டம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுமக்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனால், அந்தப் பொதுப்பிரிவுக்கான வயது 15 முதல் 35 வரை. அம்மா அதைத் தாண்டி 18 வருஷம் ஆகிறது. ஊராட்சிக்கு வந்த வாலிபாலை எடுத்து ஆட, ஊரில் எத்தனை அக்காக்களுக்கு அது தங்களுக்கும் வந்தது என்று தெரியும்?

நமக்கு விளையாட்டு என்றால் மெடல். மெடல் வாங்கியவருக்கே என்ன நடந்தது என்பதற்கும் எங்கள் மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. செங்கல்சூளைத் தொழிலாளிகளின் மகளான கத்தக்குறிச்சி சாந்தி, 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அதைப் பறித்தார்கள். பிறகு அவரும் செங்கல்சூளை வேலைக்குப் போக நேர்ந்தது. அரசுப் பயிற்சியாளர் வேலை கிடைக்கப் பல வருடப் போராட்டம் தேவைப்பட்டது. உச்சிக்குப் போனவருக்கே இந்த நிலை என்றால், சும்மா சந்தோஷத்துக்காக ஆட நினைக்கும் ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணை யார் கணக்கில் எடுப்பார்கள்?

பெரிய ஸ்டேடியம் எதுவும் கேட்கவில்லை. எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமில்லாமல் வரக்கூடிய ஒரு பொட்டல். சாயங்காலம் ஏழு மணிக்கு எரிகிற ஒரு லைட். மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் விளையாட்டு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் ஒரு போட்டி, அதில் விழுந்து எழுந்தாலும் கை தட்டல். கூடவே, அந்த நேரத்தில் வீட்டில் சோற்றை வடிக்கிற ஓர் ஆண். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அரசாணை தேவையில்லை.

"நாலு பேரு சேந்தா வர்றேன்"

எங்கள் வீட்டுக் கொல்லையில் என் ப்ளஸ் ஒன் சைக்கிள் நிற்கிறது. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். நான் சென்னைக்கு வந்ததிலிருந்து அதில் துணிதான் காய்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது, "நீ இதை ஓட்டும்மா. டாக்டர் கேட்ட வேர்வையும் வரும்" என்றேன்.

"நான் ஒருத்தியா ஓட்டுனா பைத்தியம்பாங்க. நாலு பேரு சேந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாக்கு சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால், 1992-ல் எது வேலை செய்ததோ அதைத்தான் கேட்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமிருந்து போன். "ஏன்டி, அடுத்த வாரம் வர்றப்ப ரெண்டு டியூப் வாங்கிட்டு வா. எதித்த வீட்டுச் சித்தியும் வர்றாளாம். அவ சைக்கிளும் பஞ்சராத்தான் கெடக்கு."

நாலு பேருக்கு இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை பேர்?