நீர் நின்ற பிறகும் நடுங்கும் நிலம்

2017 நவம்பர் 15 அன்று தென்கொரியாவின் பொஹாங் நகரை 5.4 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மறுநாள் நடைபெறவிருந்த நாடு தழுவிய கல்லூரி நுழைவுத் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019 மார்ச்சில் காரணத்தை அறிவித்தது. நகருக்கு அருகே புவிவெப்ப மின் திட்டத்துக்காக, நான்கு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் உயரழுத்தத்தில் செலுத்தப்பட்ட நீரே நிலநடுக்கத்தைத் தூண்டியது என்பதே அக்குழுவின் முடிவு.

நீரின் அழுத்தத்தால் பாறையில் விரிசல் உண்டாக்குவதே 'நீரியல் விரிசல்' முறை. ஷேல் பாறையிலிருந்து எரிவாயு எடுக்கவும் இதே முறைதான் பயன்படுகிறது. செலுத்தும் நீர், ஏற்கெனவே உள்ள நிலப்பிளவை எட்டினால், பிளவின் இருபுறத்தையும் பிடித்து நிறுத்தியிருக்கும் உராய்வு குறைகிறது, நிலம் நழுவுகிறது.

'சிறு அதிர்வு தெரிந்ததும் பம்பை நிறுத்திவிடுவோம்' என்பதே இத்துறையினர் தரும் உறுதிமொழி. பிரிட்டனில் 0.5 அளவைத் தொட்டாலே பணியை நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. ஆயினும், லங்காஷயரில் உள்ள பிரெஸ்டன் நியூ ரோடு எரிவாயுக் கிணற்றில் 2019 ஆகஸ்ட் 26 அன்று 2.9 அளவுள்ள அதிர்வு ஏற்பட்டபோது, நீர் செலுத்துவது நின்று மூன்று நாள்கள் ஆகியிருந்தன. பொஹாங்கிலோ ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. அழுத்தம் பாறைக்குள் மெல்லப் பரவுவதால், பம்பை நிறுத்துவது காலங்கடந்த காவலாகிவிடுகிறது. லங்காஷயர் அதிர்வுக்குப் பின், 2019 நவம்பரில் இங்கிலாந்தில் இம்முறைக்குத் தடை வந்தது.

நீர் செலுத்தப்படும் கிணறுகளில் மிகப் பெரும்பாலானவை மக்கள் உணரும் அதிர்வை உண்டாக்குவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. எரிவாயுத் தேவையில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு உள்நாட்டு வளம் எவ்வளவு தேவை என்பதையும் அறிவேன். ஆனால், நாம் செல்லும் திசை கவலை தருகிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, நடப்பு ஒப்பந்தப் பகுதிகளிலேயே ஷேல் எரிவாயு போன்றவற்றையும் எடுக்க அனுமதித்தது. 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. அடுத்த மாதமே தமிழகம் காவிரிப் படுகையில் புதிய எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களின் உழவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

கிணறு தோண்டிய பிறகு கருத்துக் கேட்பதால் என்ன பயன்? முதல் துளை இடுவதற்கு முன்பே, அப்பகுதியின் நிலப்பிளவுகளைத் தற்சார்புள்ள அமைப்பு ஒன்று ஆராய்ந்து, அந்த வரைபடத்தை மக்கள் முன் வைக்க வேண்டும். அதன் பிறகே கருத்துக்கேட்பு; அதன் பிறகே அனுமதி. இந்த வரிசையைப் புவிவெப்பத் திட்டங்களுக்கும் விதியாக்க வேண்டும் என்பதே பொஹாங் நமக்குத் தரும் பாடம்.