தப்பு செய்யாதவனுக்குத்தான் வக்கீல் வேண்டும்

"தப்பு செய்யாதவனுக்கு எதுக்கு சார் வக்கீல்?"

இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்த மேதைக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். டீக்கடை, டிவி விவாதம், கல்யாண வீட்டுப் பந்தி என்று அது போகாத இடமில்லை. அண்மையில் எங்கள் பகுதியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் என்று ஒன்று நடந்தது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் இந்தக் கேள்வியையே சொற்பொழிவாக விரித்தார். வக்கீலைத் தேடி ஓடுகிறவன் மடியில் ஏதோ கனம் இருக்கிறதாம். உள்ளதை உள்ளபடி ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களாம். மீதியைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமாம். கைதட்டல் பலமாக இருந்தது. பல வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாயிற்று. இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வக்கீல் வைத்தாலே சந்தேகமா?

கைதானவர் தனக்குப் பிடித்த வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 22(1) பிரிவு. சட்டத்தை எழுதியவர்களுக்கும் மடியில் கனம் இருந்தது போலும்.

ஐயாவின் இலாகா சம்பந்தப்பட்ட கதை ஒன்று உண்டு. கோவையில் வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல் நடந்தது. அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்றது. எவ்வளவு கெட்டவர் என்று பெயரெடுத்தவரானாலும் அவருக்காக வாதாட வழக்கறிஞர் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். வக்கீல் கிடைக்காமல் போயிருக்கக்கூடிய அந்தக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் காக்கிச் சட்டைக்காரர்கள். "தப்பு செய்யாத உங்களுக்கு எதுக்குய்யா வக்கீல்?" என்று அவர்களிடம் போய் யாரும் மேடை போட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்களா?

இதுதான் அவருடைய பேச்சின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தெருவில் ஒரு கைகலப்பு. ஒருவருக்கு நெற்றியில் இரத்தக் காயம். நீங்கள் விலக்கிவிடப் போனவர். புகார் போகிறது, ரைட்டர் எழுதுகிறார். சாதாரணக் காயம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவைப் போட்டால் அதிகபட்சம் ஓராண்டு. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆபத்தான ஆயுதம் என்று 118(1) போட்டால் மூன்றாண்டு வரை. கொலை முயற்சி என்று 109 போட்டால் வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், ஆயுள் தண்டனை வரை போகலாம். அதே நெற்றி, அதே காயம், எழுதுகிற பேனாதான் வேறு. 'என்ன கேஸ்?' என்று கேட்டால் 'அடிதடி கேஸ்' என்று மட்டும் சொல்லத் தெரிந்த குடும்பத்துக்கு, எப்.ஐ.ஆரில் எந்த எண் விழுந்திருக்கிறது, அது காயத்துக்குப் பொருந்துகிறதா என்று யார் சொல்வார்கள்? ரைட்டரா?

அடுத்து விசாரணை. நீங்கள் உண்மையைச் சொல்கிறீர்கள். அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். விசாரணையில் பதிவாகும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு. பழைய சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு தம்பி" என்ற கனிவான குரலைக் கேட்டவர்களுக்கு அந்தத் தாளில் எழுத்தே இல்லாமல் இருந்ததும் தெரியும்.

மறுநாள் பேப்பரில் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று நாலு காலத்துக்குச் செய்தி வரும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றத்துக்கு நிரூபணமாகக் காட்ட முடியாது என்பது சாட்சியச் சட்டம். அதைக்கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்பைச் சார்ந்த அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். அதனால்தான் நம் ஊர் வழக்குக் கட்டுகளில் கத்தி எப்போதும் ஒரு முட்புதரிலிருந்து கிடைக்கிறது, வி.ஏ.ஓ.வும் தலையாரியும் தவறாமல் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் சொன்ன உண்மை எந்தப் புதருக்குள் போய்விட்டது என்று அப்புறம் தேட வேண்டும்.

பிறகு ரிமாண்ட். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். "போலீஸ் அடித்தார்களா?" என்று அவர் கேட்பார். கேட்கும்போது ஏட்டய்யா பக்கத்திலேயே நிற்பார். கையில் மாவுக்கட்டோடு நிற்பவர் "வழுக்கி விழுந்துட்டேங்க" என்பார். ஸ்டேஷன் கழிப்பறைகளின் வழவழப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர் உண்டா? அந்த நிமிடத்தில் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு நின்றால், காயத்தைக் குறிப்பில் ஏற்றச் சொல்லும், மருத்துவச் சோதனை கேட்கும், கைதுக்கு என்ன காரணம் என்று கேட்கும். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, காரணம் எழுத வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று தகப்பனையும் மகனையும் பிடித்தார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு ரிமாண்ட் ஆயிற்று. கைதான நாலே நாளில் இருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் மடியில் என்ன கனம் இருந்ததாம்?

உண்மை தானே வெளியே வருமா?

வரும். நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு வந்தது. 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது. 1996இல் சி.பி.ஐ.யே வழக்கில் ஒன்றுமில்லை என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உண்மை வெளியே வர 24 வருடம்; அதுவும் கோர்ட் கோர்ட்டாக வழக்கு நடத்தித்தான்.

கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக, நாள்கணக்கு தெரிந்திருந்தால். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் சிறையிலிருப்பவருக்கு ஜாமீன் உரிமை. கோர்ட் வளாகத்தில் இதை ஸ்டாட்யூட்டரி பெயில் என்பார்கள். ஆனால் அது கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் காலையில் மனுப் போட்டவருக்கு உண்டு. மனுப் போடாமல் இருந்தவருக்கு, மாலையில் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்தால் அந்த உரிமை போயிற்று. சிறையில் நிரபராதி சுவரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாலும் மனு தானாக நடந்து கோர்ட்டுக்குப் போகாது. இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களெல்லாம் பொய் சொன்னதால்தான் உள்ளே இருக்கிறார்கள் என்று ஐயா நினைக்கிறாரா?

வக்கீல்கள் பணம் பறிப்பார்களா?

சிலர் பறிப்பார்கள். டாக்டரிலும் உண்டு. அதற்காக யாரும் காய்ச்சலோடு வீட்டிலேயே கிடப்பதில்லை. 'நாளைக்கே ஜாமீன், ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்' என்கிறவரை விட்டு விலகுங்கள். எப்.ஐ.ஆர். நகலை முதலில் கேட்கிறவரை, அதே கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவரைப் பிடியுங்கள். ஜாமீனுக்கு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று பீஸை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்.

பணமே இல்லையென்றால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. விழிப்புணர்வுக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியது இது. அன்று இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஆகவே, வீட்டில் ஒருவரை விசாரணைக்கென்று அழைத்துப் போனால் அன்றைக்கே, ரிமாண்டுக்கு முன்பே, வக்கீலைப் பாருங்கள். யாரையும் தெரியாதென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். அது சட்ட உதவிக்கான இலவச எண்.