மூன்று சக்கர மோகம்

நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. இது நம் எல்லோருக்கும் அநுபவமான விஷயம். தரை எத்தனை மேடு பள்ளமாக இருந்தாலும் முக்காலியின் மூன்று காலும் அதைத் தொட்டுக் கொண்டுதான் நிற்கும். நாற்காலிக்குத்தான் ஒரு காலின் கீழே காகிதத்தை மடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுப் பையன் இந்த முக்காலி சாஸ்திரத்தோடு வந்து சேர்ந்தான். இஞ்சினீரிங் படிக்கிறவன்.

"மாமா, நானே சொந்தமாக ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டி கட்டப் போகிறேன்! இரண்டு சக்கரம் நிறுத்தினால் விழும். நாலு சக்கரத்துக்குப் பணம் வேண்டும். ஆகவே மூன்று!"

கையிலிருந்த கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். உலகத்தில் இத்தனை கிறுக்கர்களா என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. கிறுக்கு என்றாலும் அழகான கிறுக்கு! ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பித்துக் கொண்டவர்களுக்குப் பழைய வோல்க்ஸ்வேகன் 'பீட்டில்' கார் ஒரு காமதேனு. அந்தக் காரில் எஞ்சின், கியர் பெட்டி எல்லாமே பின்பக்கம். எஞ்சினைக் குளிர வைக்கக் காற்றே போதும். தண்ணீர்த் தொட்டி வேண்டாம். ஆகவே காரின் பின் பாதியை மட்டும் வைத்துக் கொண்டு, முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளின் கவைக் கம்பியையும் சக்கரத்தையும் பூட்டினால் வண்டி தயார். வேறு சிலர் பெரிய மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரட்டைச் சக்கர அச்சைச் சேர்த்து விடுகிறார்கள்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்ற ரகத்தில் பிரியம் அதிகம். 1909-இல் மால்வெர்ன் என்ற ஊரில் பாதிரியார் மகனான எச். எப். எஸ். மார்கன், தான் ஓட்டுவதற்காக இந்த ரகத்தில் ஒற்றை ஆசன வண்டி ஒன்றைக் கட்டினார். ஒரு பள்ளிக்கூடப் பட்டறையில், அங்கிருந்த இஞ்சினீரிங் ஆசிரியரின் உதவியோடு கட்டியது அது. பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் வேண்டும் என்றார்கள். ஒரு கம்பெனியே பிறந்துவிட்டது. 1980-களில் 'லோமாக்ஸ் 223' என்று ஒரு வண்டி வந்தது. பாகங்களை வாங்கி, பழைய ஸிட்ரோன் காரின் எஞ்சினோடு வீட்டிலேயே சேர்த்துக் கொள்ளலாம். 2 சிலிண்டர், 2 ஆசனம், 3 சக்கரம். அதுதான் பெயரில் உள்ள கணக்கு!

இந்த மோகம் புதிதும் அல்ல. 1886 ஜனவரி 29-ஆம் தேதி கார்ல் பென்ஸ் பேடண்ட் கேட்டு மனுப் போட்ட மோட்டார் வண்டிக்கே மூன்று சக்கரம்தானே! முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் அவற்றைச் சரியாகத் திருப்புவதற்கு அவருக்கு அப்போது வழி புலப்படவில்லை.

"எல்லாம் சரியடா. ஆனால் உன் முக்காலி சாஸ்திரத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது" என்றேன்.

சிறு வயதில் என் பாட்டி பரண்மேல் ஒளித்து வைத்திருந்த முறுக்கு டின்னை எடுப்பதற்காக முக்காலிமேல் ஏறினேன். நடுவில் நின்றவரை ஒரு குறையும் இல்லை. இரண்டு காலுக்கும் இடைப்பட்ட ஓரத்தில் பாதத்தை வைத்து எட்டினேனோ இல்லையோ, முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், டின் ஒரு பக்கம்! முக்காலி ஆடாது, ஆனால் கவிழும்.

மூன்று சக்கரமும் தரையைத் தொடும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். வண்டியின் பளு அதற்குள் விழுகிறவரையில் க்ஷேமம். வளைவில் திரும்பும்போது பளு வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அதே சமயம் பிரேக் போட்டால் முன்பக்கமாகவும் தள்ளுகிறது. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் அங்கே முக்கோணம் குறுகிக் கிடக்கிறது. பளு கோட்டைத் தாண்டிவிடும். முன்னால் இரட்டைச் சக்கரம் என்றால் பிரேக்குக்கு அவ்வளவு பயமில்லை. வளைவில் வேகத்தை முடுக்குவதில்தான் ஜாக்கிரதை வேண்டும். எதுவானாலும் பளு தாழ்வாகவும், இரட்டைச் சக்கரத்துக்குக் கிட்டவும் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கிட்டப் போனாலும் ஆபத்துதான். பீட்டில் எஞ்சின் வண்டிகளில் திடீரென்று முடுக்கினால் முன் சக்கரம் அந்தரத்தில் எழும்பிவிடுவது உண்டு. அப்புறம் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பி என்ன பிரயோஜனம்?

"உன் எலும்புமேல் உனக்கு ஆசை இல்லையா?" என்று முடித்தேன்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இல்லை மாமா. தாத்தாவுக்கு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவனுடைய தாத்தா தினமும் ஸ்கூட்டரில் லைப்ரரிக்குப் போய் வந்தவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, வண்டியை நிறுத்தினால் காலை ஊன்ற முடியாது. ஒன்றரை வருஷமாகத் திண்ணையோடு சரி.

அப்போது அவனுக்கு இன்னொரு கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் பெர்ட் கிரீவ்ஸ் என்று ஒருவர். அவருடைய உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காப் என்பவருக்குப் பிறவியிலிருந்தே கால்கள் வழங்காது. கிரீவ்ஸ் அவருடைய சக்கர நாற்காலியில் ஒரு சிறு மோட்டாரைப் பூட்டினார். டெர்ரி தானாகவே வெளியே கிளம்பிவிட்டார்! அந்த ஒற்றை வண்டியிலிருந்துதான் 'இன்வாகார்' என்ற மூன்று சக்கர வண்டி பிறந்தது. நடக்க முடியாத ஆயிரக்கணக்கானோருக்கு அரசாங்கமே அதைக் கொடுத்தது. அதுவும் குறுக்குக் காற்றில் தள்ளாடுகிற வண்டிதான். 2003 மார்ச் 31-க்குப் பின் சாலையில் ஓடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆனாலும், பிறர் தூக்கிச் செல்லாமல் தானே போய் வந்த தினங்களை அவர்கள் மறந்திருப்பார்களா?

"நீ கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இஷ்டம்போல் மாற்ற விடாது. ஆனால் உடற்குறை உள்ளவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ள வழி வைத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களைக் கடைத்தெருவில் பார்த்ததில்லையா? முதலில் டாக்டரைக் கேள். அப்புறம் போக்குவரத்து ஆபீஸில் கேள். ஸ்பானரைக் கடைசியில் எடு" என்றேன்.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே அமர்க்களம். பையன் காகிதத்தில் படம் போட்டுக் கொண்டிருந்தான். தாத்தா மூக்குக் கண்ணாடியை உயர்த்தியபடி யோசனை சொல்லிக் கொண்டிருந்தார்.

"ஹாரன் மட்டும் பலமாக இருக்கட்டுமடா. லைப்ரரிக்குப் போகிற வழியில் எருமை அதிகம்!"