ரீஃபண்டும் தங்கமணியின் பாஸ்போர்ட்டும்

வரி சீசன் வந்துட்டா அமெரிக்காவுல பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு ஒரு வியாதி வந்துடும். மதியம் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே "மச்சி, உனக்கு ரீஃபண்ட் எவ்ளோ?"ன்னுதான் பேச்சு. இந்த வருஷம் நானும் அதுல ஐக்கியம். 2025 ஆகஸ்ட்ல கல்யாணம், அக்டோபர்ல தங்கமணி ஹெச்-4 விசாவுல வந்து இறங்கியாச்சு.

சேர்ந்து தாக்கல் செஞ்சா 2025க்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500 டாலர். நான் மட்டும் தனியா போட்டா 15,750. ஆசை வருமா வராதா?

ஆனா வேலை அனுமதி இல்லாத ஹெச்-4க்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது. அதுக்கு பதிலா ஐடின்னு 9ல ஆரம்பிக்கிற ஒரு நம்பர் வாங்கணும். டபிள்யூ-7 படிவத்தை வரிக்கணக்கோட சேர்த்துத் தபால்ல அனுப்பணும், கூடவே ஒரிஜினல் பாஸ்போர்ட். 2012ல விதியை இறுக்குன பிறகு நோட்டரி காப்பி செல்லாது. சீசன்ல நம்பர் வர 9லிருந்து 11 வாரம் ஆகலாம்னு அவங்களே சொல்றாங்க. பாஸ்போர்ட் திரும்பி வர 60 நாள் வரைக்கும் ஆகலாம்.

ஆபீஸ்ல கேட்டா எல்லாரும் ஒரே பாட்டு. "கவர்ல போட்டு அனுப்பு மச்சி, அவங்க டிபெண்டன்ட்தானே, வீட்லதானே இருக்காங்க."

இந்த 'டிபெண்டன்ட்தானே'லதான் எனக்கு இப்ப பத்திக்கிட்டு வருது. விசாவுலதான் அந்தப் பேரு. வரிச் சட்டத்துல மனைவி எந்தக் காலத்துலயும் டிபெண்டன்ட் கிடையாது. சேர்ந்து தாக்கல் செய்ய அவளும் கையெழுத்து போடணும். வருஷக் கடைசியில வந்தவளை முழு வருஷத்துக்கும் இங்க வசிக்கிறவளா கணக்குல எடுத்துக்கங்கன்னு ரெண்டு பேரும் எழுதிக் கொடுக்கணும். அப்படிக் கொடுத்தா கல்யாணத்துக்கு முந்தி சென்னையில அவ வாங்குன சம்பளத்தையும் காட்டணும். அவ சம்பளம், அவ கையெழுத்து, அவ பாஸ்போர்ட். ரீஃபண்ட் பெருமை மட்டும் நமக்கா?

பெருசா பேசுறேனே, நானும் கவர்ல முகவரி எழுதினவன்தான். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"உங்க பாஸ்போர்ட்டா இருந்தா இப்படித் தபால்ல போடுவீங்களா?"

மாட்டேன். ஆணி புடுங்குற எடத்துல எப்ப ஊருக்குப் போற அவசரம் வருமோன்னு அதை டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன். மதுரையில மாமாவுக்கு ஏப்ரல்ல முட்டி ஆபரேஷன். டிரைவிங் லைசென்ஸ்கூட இன்னும் வாங்காதவளுக்கு இந்த ஊர்ல அடையாளம்னு இருக்கறதே அந்த நீலப் புத்தகம் ஒண்ணுதான். அதைத்தான் ரெண்டு மாசம் தூக்கிக் குடுக்கச் சொன்னேன்.

இத்தனைக்கும் வேற வழி இருக்குய்யா. சர்டிஃபையிங் அக்செப்டன்ஸ் ஏஜெண்ட்னு வரித்துறையே அங்கீகரிச்ச ஆளுங்க இருக்காங்க. பாஸ்போர்ட்டை நேர்ல பார்த்து, சரின்னு சான்று எழுதி, ஒரிஜினலை அங்கேயே கையில குடுத்துடுவாங்க. கொஞ்சம் ஃபீஸ் ஆகும். முன்பதிவு செஞ்சுட்டுப் போனா வரித்துறை மையங்கள்லயே ஓசியில செய்யறாங்க. "அதுக்கு எவன் லீவு போடுறது"ன்னு நம்மாளு சொல்றான். ரீஃபண்ட் வந்தா புது டிவி வாங்கப் போறவன், அரை நாள் லீவு போட மாட்டானாம்!

சனிக்கிழமை ஏஜெண்ட்கிட்ட போயிட்டு வந்தோம். இருபது நிமிஷ வேலை. பாஸ்போர்ட் அவ கைப்பையிலதான் இருக்கு.

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லீங்க. உங்க கணக்கை விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. முதல்ல வீட்ல கேளுங்க.